தூசி என்று நினைத்த புள்ளி

பரமட்டாவில் ஒரு கண் ஆய்வு நிலையத்தில் விழித்திரையைப் படம் எடுப்பது என் வேலை. நோய்களின் ஆரம்ப அடையாளங்களைக் கண்ணுக்குள் தேடும் ஆய்வு அது. ஒருநாள், அருகிலுள்ள செவன் ஹில்ஸில் போத்தல் தொழிற்சாலையில் வேலை செய்யும் மன்னார்க்காரர் ஒருவர் அந்த ஆய்வுக்காகத் தானாகவே வந்திருந்தார். அவருடைய இடக்கண் படத்தின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். “லென்ஸில தூசி, அங்கிள். இந்தப் படம் சரிவராது” என்று அதை அழிக்கப் போனேன்.

“பொறுங்கோ பிள்ளை. நான் போத்தலில பழுது இருக்கோ எண்டு பாக்கிறவன். துடைச்சுப்போட்டு இன்னொருக்கா எடுங்கோ. தூசி எண்டால் போயிடும்.”

எனக்கே வேலை சொல்லித் தருகிறாரே என்ற எரிச்சலோடு துடைத்து எடுத்தேன். புள்ளி அங்கேயே இருந்தது. ஓடிப்போய் டொக்டரை அழைத்து வந்தேன். விழித்திரை கிழியத் தொடங்கியிருந்தது. விட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம் என்றார். அன்றைக்கே லேசர் சிகிச்சை நடந்தது.

அடுத்த மாதம் வந்தவர், இடக்கண்ணால் எழுத்து அட்டையின் கடைசி வரியைத் தடுமாறாமல் வாசித்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

“நீங்கள் சொல்லாட்டி அண்டைக்கு அழிச்சிருப்பன், அங்கிள்.”

“அழிக்கேல்லைத்தானே!” என்று சிரித்தார்.

நான் எடுத்த எத்தனையோ படங்களில், மனமில்லாமல் எடுத்த அந்த இரண்டாவது படம்தான் இன்றும் எனக்குப் பெருமை.