பழைய ‘நிறுத்து’

குஞ்சு பொரிப்பகத்தில் அவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரேடியோ ரிப்பேர் கற்றவள். முதலாளி அவளுக்குச் சித்தப்பா முறை. ஆசைக்கு வாங்கிவிட்டு அவர் சீந்தாமல் போட்டிருந்த சின்னக் கம்ப்யூட்டரைப் பழைய டிவியோடு இணைத்து, முட்டை அலமாரியின் ஹீட்டரை அதன் பொறுப்பில் விட்டவள் அவள்தான்.

அதில் அவள் எழுதியது ஃபோர்த் என்றொரு விசித்திரமான மொழி. வேண்டிய சொல்லை நாமே உண்டாக்கலாம்; அதை வைத்து இன்னொரு சொல்லைக் கட்டலாம். ‘நிறுத்து’ என்றால் ஹீட்டர் அணையும். ‘காவல்’ என்றால் சூட்டைக் கவனித்து, மிஞ்சினால் தானே ‘நிறுத்து’ போடும். தப்பாகச் சொன்னாலும் ஏன் என்று கேட்காது, செய்துவிடும்.

அன்று காலை ஹீட்டர் ஒயரைக் கம்ப்யூட்டரின் வேறு முனைக்கு மாற்றினாள். அதற்கேற்ப ‘நிறுத்து’வையும் புதிதாக எழுதினாள். தட்டிப் பார்த்தாள், அணைந்தது. ஹீட்டரை மறுபடி எரியவைத்து, ‘காவல்’ ஓடட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. தெர்மாமீட்டர் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. கீபோர்டைத் தட்டு தட்டென்று தட்டினாள். ‘காவல்’ ஓடும்போது அது யார் பேச்சையும் கேட்காது. பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

“என்னம்மா, கரண்ட் போச்சா?” சித்தப்பா ஓடிவந்தார்.

“நான்தான் அணைச்சேன் சித்தப்பா. சூடு ஏறிடுச்சு.”

“எவ்வளவு நேரமா?”

“தெரியலையே...”

அவர் ஒரு முட்டையை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே நிழல் அசைந்தது. மேல்தட்டிலிருந்து இன்னொன்று. அது அசையவில்லை.

பிறகுதான் புரிந்தது. புதுச் சொல் எழுதினாலும், முன்பே கட்டிய ‘காவலு’க்குள் பழைய ‘நிறுத்து’தான் இருந்தது. பாவம், அது தவறாமல் நிறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஒயரே இல்லாத முனையை.

மேல்தட்டு முழுக்கப் போயிற்று. மற்றவை பொரித்தன. சித்தப்பா திட்டவில்லை.

“மறுபடி ஓட்டுவியா?”

“பயமா இருக்கு.”

“எனக்கும்தான். ஆனா நான் கண்ணு அசந்துடுவேன், அது அசராதே.”

கம்ப்யூட்டரின் தயவில்லாமல், சூடு மிஞ்சினால் தானே கரண்டைத் துண்டிக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டைத் தனியாகப் பூட்டினாள். ‘காவலை’ அடியிலிருந்து எழுதினாள். ஓடவிட்டாள். ஹீட்டர் விளக்கு எரியும்போதெல்லாம் அவள் கை தானாக மெயின் சுவிட்சுக்குப் போயிற்று.