ஏழு கண்ணாடி சாத்திய போன்

சக்ரபாணி நல்ல மனிதர் என்று, பெருமாள் கோயிலை ஒட்டிய கீழ உத்தர வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் வீட்டு சோபாவில் ஒரு தடவை உட்கார்ந்தவர்கள் மட்டும் சற்று யோசித்துவிட்டுச் சொல்வார்கள். சோபா வாங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் அதன் மேல் இருக்கிறது. உட்கார்ந்தால் வழுக்கும், எழுந்தால் ஒட்டும், நடுவில் அசைந்தால் மரியாதைக் குறைவாக ஒரு சத்தம் போடும்.

அவருடைய ஸ்கூட்டர் மீட்டரின் மேல் கம்பெனியில் ஒட்டிய தாள் அப்படியே இருப்பதால், எவ்வளவு வேகத்தில் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. கைக்கடிகாரத்தின் கதையும் அதுதான். மணி கேட்டால் தோராயமாகச் சொல்வார். டிவி ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் பை, அந்தப் பையில் அழுக்குப் படாமலிருக்க இன்னொரு பை.

திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து, இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் முதல்வர் அவரைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொன்னார்: இந்த முப்பது வருடத்தில் ஆய்வகத்தின் ஒரு ப்ரிஸத்தில்கூடக் கீறல் விழவில்லை. கைதட்டினார்கள். நல்ல ப்ரிஸங்களை அவர் எந்த மாணவனுக்கும் கொடுத்ததே இல்லை என்பது மாணவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிப்பட்டவருக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்ம்ருதி மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்த அன்றே, வேறு யாரையும் நம்பாமல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தன் கையாலேயே அதன் மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டினார்.

நாலாவது மாதம் அந்தக் கண்ணாடியில் ஒரு கோடு விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டியிருப்பார்கள். சக்ரபாணி யோசித்தார். பழையதை எடுத்துப் புதியதை வைப்பதற்குள் போன் அரை நிமிஷம் வெறுமனே கிடக்கும். அந்த அரை நிமிஷத்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். பழையதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் செல்போன் சாமான்கள் விற்கும் பரக்கத் அலியிடம் போனார்.

"பாய், இதுக்கு மேல ஒண்ணு சாத்தணும்."

பரக்கத் அலி நிமிர்ந்து ஷட்டரைப் பார்த்தார். "ஏன் சார், இப்பதானே திறந்தேன்?"

பெருமாளுக்கு மாலையையும் வஸ்திரத்தையும் கவசத்தையும் சாத்துவார்களே தவிர, போடமாட்டார்கள். கோயில் பேச்சு வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டதால் சக்ரபாணி சோபாவுக்கு உறை சாத்துவார், ரிமோட்டுக்குப் பை சாத்துவார். இது பரக்கத் அலிக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது கண்ணாடிக்கு வந்தபோது அவரே, "சாத்திடவா சார்?" என்று கேட்கப் பழகியிருந்தார்.

ஐந்தாவதற்குத்தான் ஆட்சேபம் சொன்னார். ஒரு கண்ணாடி போதும், கீறல் வாங்கத்தானே அது இருக்கிறது, வாங்கினதும் தூக்கிப் போட்டு மாற்ற வேண்டியதுதான், இப்படி அடுக்கினால் போனுக்குத் தொடுகிற உணர்ச்சியே போய்விடும் என்று வியாபாரத்தையும் மறந்து எடுத்துச் சொன்னார். சக்ரபாணி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்.

"பெருமாளுக்கே ஏழு பிராகாரம் வேண்டியிருக்கு, பாய்."

ராஜகோபுர நிழலில் கடை வைத்துக்கொண்டு இதற்கு மேல் என்ன பேச முடியும்? ஐந்தாவதை ஒட்டினார். ஆறாவதுக்கு உத்தர வீதி என்றும் ஏழாவதுக்குச் சித்திரை வீதி என்றும், அந்தப் பிராகாரங்களில் ஓடும் தெருக்களின் பெயரையே சக்ரபாணி வைத்தார். ஏழோடு நிறுத்திக்கொண்டார். எட்டாவது ஒட்டினால் அது ஆசாரமில்லை.

போன் இப்போது மைசூர்பாகு கனத்துக்கு வந்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் கேட்காது. விரல் முட்டியால் தட்ட வேண்டும். தட்டின இடம் ஒன்றாகவும் அது கேட்ட இடம் இன்னொன்றாகவும் இருக்கும். ஸ்ம்ருதி வீடியோவில் கூப்பிட்டால் குளத்துக்கு அடியிலிருந்து பேசுவது போலத் தெரிவாள். அவர் மனைவி பூமா இந்த வம்பே வேண்டாமென்று பட்டன் போனோடு நின்றுவிட்டாள்.

இதெல்லாம் ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் இருந்தது.

இருபத்தொன்பது வயதுக்குள் பதினோரு ஜாதகங்களை வேண்டாமென்று சொன்ன ஸ்ம்ருதி, பன்னிரண்டாவதற்கு "ம்" என்றாள். பையன் ரகுராம். அவளோடு இரண்டு தடவை காபி சாப்பிட்டிருக்கிறான், பிடித்திருக்கிறதாம். வடகலை, தென்கலை என்ற கலை ஒத்துப்போனது, கோத்திரம் இடிக்கவில்லை, எட்டுப் பொருத்தம் இருந்தது. ஜாதகத்தில் இல்லாத ஒன்பதாவது பொருத்தம் ஒன்று உண்டென்று யாருக்கும் தோன்றவில்லை. ரகுராமின் அப்பா தேசிக், நங்கநல்லூரில் இருக்கும் ரிட்டயர்ட் பாங்க் மேனேஜர். ராகுகாலம் பிறக்கும் பத்தரைக்குள் வீடியோவில் பேசிவிடலாம், சரிப்படாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

ஒன்பதே முக்காலுக்கு அழைப்பு வந்தது. சக்ரபாணி பச்சையைத் தட்டினார். சிவப்பு கேட்டுக்கொண்டது. மறுபடி வந்தது, மறுபடி தட்டினார், மறுபடி கட்டாயிற்று. மூன்றாவது தடவை எப்படியோ எடுத்துவிட்டார். எதிரே தேசிக் சொன்னது இவருக்குக் கேட்டது: "இது யாரு, மனுஷாதானா?" சத்தத்தைக் கூட்டுவதற்காகத் தட்டியதில் அதுவும் போயிற்று. பிறகு இன்னும் இரண்டு தடவை.

பத்து மணிக்கு பூமாவின் பட்டன் போன் அடித்தது. ஸ்ம்ருதி. குரல் வழக்கம்போல நிதானமாகத்தான் இருந்தது, ஆனால் நடுவில் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள். ரகுராம் வீட்டில் அப்பாவைப் பற்றித் தப்பாக நினைக்கிறார்கள், முகத்தைக் காட்டாமல் ஐந்து தடவை கட் பண்ணுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று தேசிக் மாமா சொல்கிறாராம், பத்தரை வரை காத்திருப்பாராம்.

பூமா போனை மூடினாள். செருப்பை மாட்டினாள். "கெளம்புங்கோ," என்றாள்.

பரக்கத் அலி விஷயத்தைக் கேட்டதும் கல்லாவில் நின்ற வாடிக்கையாளரை அப்புறம் வரச் சொல்லிவிட்டார். பழைய சிம் கார்டு அட்டை ஒன்றை எடுத்து ஓரத்தில் நுழைத்தார். சித்திரை வீதியும் உத்தர வீதியும் ஒன்றாகவே கழன்று வந்தன. ஐந்தாவதற்குக் கீழே ஒரு துளசி இலைத் துணுக்கு இருந்தது. மூன்றாவதற்குக் கீழே ஒரு எறும்பு எப்போதோ பரமபதம் அடைந்திருந்தது. கழன்ற ஒவ்வொன்றையும் சக்ரபாணி வாங்கித் துடைத்து வைத்தார். ஆறு கண்ணாடிகள் மேஜையில் வரிசையாகக் கிடந்தன. கடைசி ஒன்றின் மேல் பரக்கத் அலி விரலை வைத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும், பாய். இது நான் சாத்தினது."

அந்த நேரத்தில் அழைப்பு வந்தது. லேசாகத் தொட்டதுமே எடுத்துக்கொண்டது. திரையில் ஒரு கட்டத்துக்குள் தேசிக், இன்னொரு கட்டத்தில் ரகுராம், மூன்றாவதில் ஸ்ம்ருதி. சக்ரபாணியின் தலைக்குப் பின்னால் நூறு விதமான போன் கவர்கள் தொங்கின.

"ஓ, நீங்கதான் சக்ரபாணியா," என்றார் தேசிக். "இப்பதான் மூக்குன்னு ஒண்ணு தெரியறது."

சக்ரபாணி மன்னிப்புக் கேட்டார். காரணத்தையும் உள்ளபடியே சொன்னார், ஏழு கண்ணாடியையும் எறும்பையும் மிச்சமிருக்கும் ஒன்றையும் சேர்த்து. சொல்லாமலிருந்திருக்கலாம். தேசிக்கின் முகம் மாறியது. தன் போன் வாங்கின நாளிலிருந்து வெறும் போன்தான் என்றும், சட்டைப் பையில் சில்லறையோடு கிடக்கிறது என்றும், பொருள் மனுஷனுக்கா மனுஷன் பொருளுக்கா என்றும் பாங்கில் கடன் மறுக்கிற குரலில் கேட்டார். ஒன்பதாவது பொருத்தம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பரக்கத் அலிகூடச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது.

"இன்னும் ஒண்ணு இருக்கே," என்றார் தேசிக். "அதுக்கு அடியில என்ன?"

"தெரியாது," என்றார் சக்ரபாணி.

"தெரியாதுன்னா?"

"மூணு வருஷமா நான் பாக்கலை."

"பாக்காத பொருளைக் காப்பாத்தத்தான் ஏழு கண்ணாடியா?"

ஸ்ம்ருதி தன் கட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். பதினோரு தடவை நிமிர்ந்து வேண்டாமென்று சொன்ன பெண், இப்போது வகிடு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். சக்ரபாணி அந்த வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூமா கணவரைப் பார்க்காமல் கடைக்காரரிடம் சொன்னாள். "களைஞ்சுடுங்கோ, பாய்."

பெருமாளுக்குச் சாத்தினதை எடுப்பதற்கு அதுதான் வார்த்தை. அதை யாரும் பரக்கத் அலிக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்தது. சக்ரபாணியின் முகத்தைப் பார்த்தார். தலை அரை அங்குலம் அசைந்தது. அட்டையை நுழைத்தார்.

பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், நங்கநல்லூரில் இருந்தவர்கள் அதை உள்ளேயிருந்து பார்த்தார்கள். முதலில் தேங்காய் அளவுக்குப் பரக்கத் அலியின் கட்டைவிரல். பிறகு ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு. பிறகு ஒரு பெருமூச்சோடு எல்லாம் விலகி, காலையில் சவரம் செய்ய மறந்த ஒரு மனிதரின் முகம் வந்து நின்றது.

அந்த முகம் திரையின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு கீறல் இருந்தது. அதன் நுனியில் ஒரு மணல் துகள் இன்னும் உட்கார்ந்திருந்தது. முதல் கண்ணாடியை ஒட்டியது ஆடி மாதம். காவிரிப் பக்கமிருந்தும் கொள்ளிடத்துப் பக்கமிருந்தும் காற்று மணலை வாரிக்கொண்டு வரும் மாதம். மின்விசிறியை நிறுத்தினாரே தவிர ஜன்னலைச் சாத்த மறந்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு கண்ணாடிக்கும் காற்றுக்குமிழி போக அழுத்தித் தேய்த்தபோதெல்லாம், உள்ளே மாட்டிக்கொண்ட அந்தத் துகள் தன் வேலையைச் செய்திருக்கிறது.

"கீறல் இருக்கா?" என்று கேட்டார் தேசிக்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். திரை அவர் பக்கம்தான் இருந்தது. சென்னையிலிருந்து யாரும் பார்க்க முடியாது. பரக்கத் அலி நாகரிகமாகத் தொங்கும் கவர்களை ஒழுங்கு செய்யத் திரும்பிக்கொண்டார்.

"இருக்கு," என்றார் சக்ரபாணி. "அரிசி நீளத்துக்கு. நான்தான் போட்டிருக்கேன்."

ரகுராம் தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணே ஒண்ணா?" தேசிக் கேட்டார்.

"ஒண்ணுதான்."

"மூணு வருஷத்துக்கு ஒண்ணு," என்றார் தேசிக். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. "என்னோடதுல எது கீறல், எது உங்க மூக்குன்னே தெரியலை. நீங்க கண்ணாடி சாத்தினதாலதான் மங்கலா இருக்கேள்னு நெனச்சேன்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொன்னார். ஆனியில் வந்து நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: அதுவரைக்கும் அந்தப் போனுக்கு எதுவும் சாத்தக்கூடாது.

சக்ரபாணி வாயைத் திறப்பதற்குள் பூமா "ஆகட்டும்" என்றாள். ஸ்ம்ருதி நிமிர்ந்தாள். பத்தரைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

பரக்கத் அலி கைகொடுத்தார். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னார். சக்ரபாணி கைக்குட்டையை எடுத்து விரித்து, போனை அதில் வைத்துச் சுற்றப் போனார். கைக்குட்டையும் சாத்துவதில்தான் சேரும் என்று சொல்லி பூமா அதைப் பிடுங்கிவிட்டாள். போனைத் தன் கைப்பைக்குள் போட்டாள். உள்ளே வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது. கிணுங்கென்று ஒரு சத்தம் வந்தது.

இரும்புச் சாவி கண்ணாடியைக் கீறாது, கண்ணாடிதான் அதைவிடக் கெட்டி. முப்பது வருடம் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவருக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பையன்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் வீடு வந்து சேரும்வரை, பூமாவுக்கு இரண்டடி பின்னால், பையின் பக்கமாகக் காதைச் சாய்த்தபடியே நடந்தார்.