ராக் கச்சேரிக்கு நாலு சட்டையும் ஒரு துண்டும்

உடம்பு இளைத்ததில் இக்னேஷியஸுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அது ஜேக்கப்பின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் கவலை.

இது போன பிப்ரவரியில் நடந்தது. ஆகஸ்டில் இக்னேஷியஸ் போய்விட்டார். பிப்ரவரியில் நன்றாகத்தான் இருந்தார். நன்றாக என்றால், சண்டை போடும் அளவுக்கு.

சாந்தோமில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. பக்கத்தில் நின்று உச்சக்குரலில் பாடுபவர் ஜேக்கப். டெலிபோன்ஸில் வேலை பார்த்தவர். கல்லூரிக் காலத்துச் சிநேகிதம். இத்தனை வருடத்தில் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டதாக யாருக்கும் நினைவில்லை.

இருவரும் பங்குக் கோயில் சார்பில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவிலும் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழமும் ஜெபமாலையுமாக வீடு வீடாகப் போவார்கள். மாடிப்படி வரைக்கும், "நீ பாடினதக் கேட்டு ஃபாதர் பிரசங்கத்த மறந்துட்டாருடா" என்று வாரிக்கொண்டே வருகிற ஜேக்கப், கட்டிலைக் கண்டதும் குரலை இறக்கிவிடுவார். தோள் தொங்கும். கழுத்து ஒரு பக்கம் சாயும். காற்று இறங்குகிற சைக்கிள் டியூப் மாதிரி ஒரு சத்தம் வெளியே வரும். "எப்படி இருக்கீங்க பிரதர்? ரொம்ப வலிக்குதா?" அதுவரை தெம்பாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நோயாளிகூட, அந்தக் குரலைக் கேட்டதும் மெல்லத் தலையணையில் சாய்ந்துவிடுவார்.

அந்தக் குரல் தன் பக்கம் திரும்பவே கூடாது. இக்னேஷியஸுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆகவே அக்டோபரில் அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட் வந்த அன்றைக்கே மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவிட்டார்.

"ஜேக்கப்புக்குத் தெரியக் கூடாது."

"தெரிஞ்சா என்னங்க?" என்றாள் டோரதி.

"தெரிஞ்சா என்னைத் திட்ட மாட்டான்."

"திட்டத்தானே? நான் இல்லையா?"

நவம்பரில் முடி கொட்டியது. மீதியையும் வழித்துவிட்டு, மண்டை நிறையச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு பூசைக்குப் போய் நின்றார். பங்கில் யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. மொட்டையும் சந்தனமும் என்றால் வேளாங்கண்ணி. வேறு என்ன?

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்துட்ட?" என்றார் ஜேக்கப்.

"நேர்ச்சைடா."

"எதுக்கு?"

அதற்குப் பதில் தயார் செய்து வைக்கவில்லை. பக்கத்தில் மகள் ஜோவிட்டா நின்றிருந்தாள். முப்பத்து மூன்று வயது, ஈக்காட்டுத்தாங்கலில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் நிறுவனத்தில் எஞ்சினியர், கல்யாணம் ஆகவில்லை.

"இவளுக்குத்தான்" என்றார்.

அப்போது ஜோவிட்டாவுக்கு ஏறிய அழுத்தத்தை அளக்க அவள் கம்பெனியிலேயே மானி கிடையாது.

ஜேக்கப் சும்மா இருப்பவர் இல்லை. மறுவாரமே ஒரு பையனின் போட்டோவோடு வந்தார். டிசம்பரில் இன்னொன்று. ஜனவரியில், "ஏன்டா இன்னும் முடி மொளைக்கல?" என்று சந்தேகப்பட்டார்.

"ரெண்டாவது நேர்ச்சை."

ஜேக்கப் ஜோவிட்டாவைப் பரிதாபமாகப் பார்த்தார். தேடுதலை இரட்டிப்பாக்கினார்.

அந்த ஜனவரியில்தான் கச்சேரி அறிவிப்பு வந்தது. கல்லூரி விடுதியில் ஒரே கேசட்டைத் தேயத் தேயப் போட்டு இருவரும் கேட்ட வெளிநாட்டு ராக் குழு. நாலு பேர். இப்போது நாலு பேரும் எழுபதைத் தாண்டிய கிழவர்கள். நந்தனத்தில், திறந்த மைதானத்தில். ஜேக்கப் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டார். மூன்றாவது ஜோவிட்டாவுக்கு. ஏனென்றால் டிக்கெட் போனில் இருக்கும்; வாசலில் அதைத் திறந்து காட்ட இரண்டு பேருக்கும் தெரியாது.

"கருப்பு" என்றார் ஜேக்கப். "தலையிலேர்ந்து கால் வரைக்கும் கருப்பு. வெள்ளச் சட்டையப் போட்டுக்கினு கோயில்பிள்ள மாதிரி வந்து நின்ன, உன்ன யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

டாக்டர் சம்மதித்தார். மருந்து ஏற்றி மூன்றாவது வாரம், ரத்த அணுக்கள் ஏறியிருக்கும், திறந்த இடம், முகக்கவசம் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் இடது மேல்கையில் மருந்து ஏற்றுவதற்காகப் பொருத்தியிருந்த மெல்லிய குழாயில் அடியோ தூசியோ படக் கூடாது.

இப்போது உடுப்புப் பிரச்சினை.

ஜோவிட்டாவின் கணக்கு எளிமையானது. குழாயை மறைக்க முழுக்கை. பாதம் மரத்துப்போயிருப்பதால் வழுக்காத கேன்வாஸ் ஷூ. கருப்பு முகக்கவசம். டாக்டர் எழுதிய கடிதம் பிளாஸ்டிக் உறையில், அவளுடைய பையில். டோரதியின் கணக்கு அதைவிட எளிமை: "எதப் போட்டாலும் அயர்ன் பண்ணிப் போடுங்க."

தி. நகரில், பாண்டி பஜார் கடையொன்றில் விற்பனைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மீடியம் சார்."

"எக்ஸெல் குடும்மா."

"தொளதொளன்னு இருக்கும் சார்."

"ராக்குக்கு அப்படித்தாம்மா போடணும்."

மண்டையோட்டுப் படம் போட்ட கருப்பு டி-ஷர்ட். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். சட்டை கொடியில் காய்கிற மாதிரிதான் இருந்தது. அவர் தொப்பைக்காரர். ஜேக்கப் பார்க்கும்போதெல்லாம் அதைத் தட்டி, "எத்தனாம் மாசம்?" என்று கேட்பது வழக்கம். நாலு மாதமாகப் பெரிய ஜிப்பாக்களைப் போட்டுச் சமாளித்து வந்தார். டி-ஷர்ட்டில் எதையும் ஒளிக்க முடியாது.

"கொள்ளளவு வேணும்" என்றார்.

கச்சேரியன்று மத்தியானம் வேலை ஆரம்பித்தது. பனியன். அதன்மேல் ஜோவிட்டாவின் காலேஜ் டி-ஷர்ட். அதன்மேல் அரைக்கைச் சட்டை. அதன்மேல் மண்டையோடு. எல்லாவற்றுக்கும் மேலே பொத்தான் போடாத கருப்புக் கட்டம் போட்ட முழுக்கை. அப்படியும் வயிறு வரவில்லை. டோரதி பீரோவிலிருந்து ஒரு குற்றாலத் துண்டை எடுத்து வந்து பனியனுக்கு மேலே இடுப்பைச் சுற்றிக் கட்டி, சேஃப்டி பின் குத்தினாள்.

"டாடி, நாலு சட்டை, ஒரு பனியன், ஒரு துண்டு" என்றாள் ஜோவிட்டா. "பிப்ரவரிதான், ஆனா மெட்ராஸ் பிப்ரவரி. உள்ள இருக்கிற சூடு எங்க போகும்?"

"மேல போகும். மண்டை காலியாத்தானே இருக்கு? ரேடியேட்டர்."

டோரதி அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "மண்டையோட்டுப் படம் எதுக்குங்க? கழுத்துக்கு மேல பாத்தாலே தெரியுதே" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

இக்னேஷியஸ்தான் முதலில் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பின் கழன்றுவிட்டது. மறுபடி குத்த வேண்டியதாயிற்று.

ஜேக்கப் ஆட்டோவோடு வந்தார். அவர் போட்டிருந்தது உண்மையிலேயே விடுதிக் காலத்துச் சட்டை. தொப்புளுக்கு மேலேயே அது முடிந்துவிட்டது.

"நீ கேட்ட கருப்பு இதானா? பாதிதான் கீது" என்றார் இக்னேஷியஸ்.

"மீதி மனசுல கீதுடா." ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஜேக்கப் வழக்கம்போல அந்த வயிற்றைத் தட்டினார். "இன்னாடா இவ்ளோ மெத்துமெத்துன்னு கீது?"

"டோரதி சமையல்."

"குடுத்து வெச்சவன்."

ஜோவிட்டா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைதானத்து வாசலில் ஒரு விஷயம் யாருடைய கணக்கிலும் வரவில்லை. ஆண்களுக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை. நடுவில் ஆள் உயர இரும்புத் தடுப்பு. டிக்கெட்டைக் காட்டிவிட்டு ஜோவிட்டா அந்தப் பக்கம் போனாள். அவளோடு பையும் போனது. பையோடு கடிதமும் போனது.

சோதனை செய்த செக்யூரிட்டி பெரிய மீசைக்காரர். இக்னேஷியஸின் நெஞ்சைத் தடவினார். நின்றார். மறுபடி அழுத்தினார்.

"இன்னா சார் உள்ள?"

"சட்டை."

"அதுக்குள்ள?"

"சட்டை."

"அதுக்கும் உள்ள?"

"அதுவும் சட்டைதான்பா."

"இன்னா நைனா, துணிக்கடைய வச்சிக்கினு வந்துகிறியா? இப்பத்தான் ஒருத்தன் வயித்துல சரக்கு பாக்கெட்ட கட்டிக்கினு வந்து மாட்டுனான். கழட்டு."

"குளிருதுப்பா."

செக்யூரிட்டி அவர் முகத்தைப் பார்த்தார். மொட்டையிலிருந்து வேர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கழட்டு நைனா."

முழுக்கை கழன்றது. பின்னால் நின்ற பையன்கள், "ஒண்ணு!" என்றார்கள். மண்டையோடு கழன்றது. "ரெண்டு!" யாரோ விசில் அடித்தார்கள். அரைக்கைச் சட்டைக்கு, "மூணு!" என்று வரிசை முழுக்கக் கத்தியது. ஜேக்கப்தான் எல்லோரையும்விடச் சத்தமாக எண்ணினார். காலேஜ் டி-ஷர்ட்டைத் தூக்கியபோது பின் தெறித்துத் துண்டு தரையில் அவிழ்ந்து விழுந்தது.

"தொப்ப! டேய், தொப்பயே துண்டுடா!" ஜேக்கப் தடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாலாவது சட்டையும் வந்துவிட்டது. பனியனோடு இக்னேஷியஸ் நின்றார். விலா எலும்புகள். இடது மேல்கையில் பிளாஸ்திரி, அதிலிருந்து தொங்கும் குழாய்.

"இது இன்னா டியூபு? இது வழியா இஸ்துக்கினு குடிக்கிறதா?" என்றார் செக்யூரிட்டி.

ஜேக்கப்பின் சிரிப்பு நின்றுவிட்டது. இக்னேஷியஸ் பின்னால் திரும்பிப் பார்க்காமலே அதைக் கேட்டார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜோவிட்டா கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "டாக்டர் லெட்டர் இருக்கு! இங்க பாருங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். இருந்தது ஒரே ஒரு கடிதம், அதுவும் தப்பான வரிசையில். இப்படி ஒரு வடிவமைப்பு கம்பெனியில் அவள் மேசைக்கு வந்திருந்தால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருப்பாள்.

வேறு வழியில்லை.

"கேன்சர்பா" என்றார் இக்னேஷியஸ். "மருந்து ஏத்துற குழாய்."

வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எண்ணிக்கொண்டிருந்த பையன்கள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டி கையை எடுத்துவிட்டார்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா?" என்று முனகினார். தரையிலிருந்து சட்டைகளைப் பொறுக்கி, மண்டையோட்டை உதறி, குழாய் தடுக்காமல் அவரே மாட்டிவிட்டார். "அந்தாண்ட சேர் போட்டுகிறாங்க. போய் குந்து."

"நிக்கிறேன்பா. நின்னு பாக்கத்தான் வந்தேன்."

மீதிச் சட்டைகளையும் துண்டையும் ஜேக்கப் எடுத்துக்கொண்டார். மைதானத்தின் நடு வரைக்கும் அவற்றை மடித்துக்கொண்டே வந்தார். ஜோவிட்டா ஓடிவந்து பிளாஸ்திரியைப் பார்த்தாள், முகக்கவசத்தை இழுத்துவிட்டாள். ஜேக்கப் அதையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்போ நேர்ச்சை?" என்றார் கடைசியில்.

"இல்லடா."

"ரெண்டாவது?"

"அதுவும் இல்ல."

"மூணு பையன் வூட்ல டீ குடிச்சிருக்கேன். ஈக்காட்டுத்தாங்கல்ல ஒருத்தன் வூட்ல உப்புமா."

"ஈக்காட்டுத்தாங்கலா?" என்றாள் ஜோவிட்டா. "அங்கிள், எங்க கம்பெனிக்கு எதிர் ஒர்க்‌ஷாப்காரரா? இப்பல்லாம் தினமும் எனக்கு வணக்கம் வெக்கிறாரு. ஏன்னு யோசிச்சிட்டு இருந்தேன்."

ஜேக்கப் சிரிக்கவில்லை. இக்னேஷியஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தோள் தொங்கியது. பிறகு கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. எத்தனையோ கட்டில்களின் ஓரத்தில் பார்த்த அதே சாய்வு. வாய் மெல்லத் திறந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று இக்னேஷியஸ் நினைத்தார். இனி வாழ்நாள் முழுக்க பிரதர்தான்.

மேடையில் விளக்கு எரிந்தது. டிரம்ஸ் விழுந்தது. தரை நெஞ்சுக்குள் வந்து இடித்தது.

ஜேக்கப் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா?" என்றார் இக்னேஷியஸ்.

மறுபடி சொன்னார். கிட்டாரில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"கேக்கலடா!"

ஜேக்கப் மூச்சை இழுத்தார். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் கோயில் கூரையைத் தொடுகிற அந்த உச்சக்குரலை எடுத்தார்.

"வலிக்குதாடான்னு கேட்டேன்!"

அடிக்க வருகிற மாதிரி இருந்தது. முன்னால் நின்ற பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீ கத்துறதுதான் வலிக்குது!" என்று கத்தினார் இக்னேஷியஸ்.

"எப்பேர்ந்து?"

"அக்டோபர்!"

"அக்டோபரா? நாயே! எங்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"சொன்னா நீ அழுவ!"

"எவன்டா அழுவுறான்?" அழுதுகொண்டுதான் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தினி ஊசி போட்டாங்க?"

"ஆறு! இன்னும் ரெண்டு கீது!"

"டாக்டர் இன்னா சொல்றான்?"

இக்னேஷியஸ் கொஞ்சம் யோசித்தார். இதை டோரதியிடம்கூட அவர் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை.

"பாக்கலாங்கிறாரு!"

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான்டா!"

கச்சேரி முழுக்க இப்படியே போனது. எந்த மருந்து, எது வாந்தி, எது தூக்கம், ராத்திரி எதை நினைத்து விழித்துக்கொள்கிறார் என்பது வரைக்கும் தொண்டை கிழியப் பேசிக்கொண்டார்கள். மெதுவாகப் பேச வழியே இல்லாத இடம் அது. சுற்றி நின்றவர்கள் இரண்டு கிழவர்கள் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். பிடித்த பாட்டு வந்தபோது மட்டும் இருவரும் நிறுத்தினார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே, வழக்கமான இடத்தில் சேர்ந்து பாடினார்கள். ஒற்றை டி-ஷர்ட்டில் காற்று நன்றாகப் போய்வந்தது. குழாய் இருந்த கையை இக்னேஷியஸ் தூக்கியபோது ஜோவிட்டா ஏதோ சொன்னாள். அதுவும் கேட்கவில்லை.

பாட்டு முடிவதற்குள் ஜேக்கப் அவர் காதுக்கு அருகே வந்தார்.

"நாளைக்கு வூட்டுக்கு வரேன்! இருக்குடா உனக்கு!"

"வாடா!" என்றார் இக்னேஷியஸ். "வா, பாத்துக்கலாம்!"