கிரந்தாலயத்துக்குப் போய்வந்தவள்

வீட்டு வரி ரசீதில் வீடு, தண்ணீர், தெருவிளக்கு என்று வரிசையாக இருக்கும். கடைசியில் தெலுங்கில் கிரந்தாலயம் என்று ஒன்று. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; தமிழோ தெலுங்கோ, எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். ஆலயம் என்று முடிந்ததால் அது கோயில் வரி என்று நானாக எடுத்துக்கொண்டேன். திருப்பதிக்கு இத்தனை பக்கத்தில் இருக்கிறோம், சாமிக்கும் ஒரு பங்கு போகட்டும் என்று ரசீதைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் வைப்பேன்.

என் மனைவி அதை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லா கும்பிட்டுக்கோங்க. புண்ணியம் எனக்கும் வரும்."

அப்போது எனக்குச் சித்தூர் வெல்ல மண்டியில் எடை போடும் வேலை. பாகாலாவைத் தாண்டி எங்கள் ஊர். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் பஸ் இறங்கி வரும்போது அவள் கிளம்பி நிற்பாள். "கிரந்தாலயத்துக்குப் போய்க்கினு வரேங்க." ஏதோ ஒரு தெருக்கோயில் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வருவாள். நெற்றியில் புதுக் குங்குமம் இருக்காது. கையில் பிரசாதம் இருக்காது. எனக்கு எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற மனசு. கோயிலுக்குப் போனவள் ஒரு பூக்கூட வைக்காமல் எங்கேயிருந்து வருகிறாள்? ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம் என்று தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்துவிட்டேன். கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

அவளுக்குப் படிக்கிற பழக்கம் இருந்தது எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் புத்தகத்தில் மூழ்கியிருந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் கசிந்து வீடெல்லாம் நாறியது. நான் போட்ட சத்தம் எதிர்வீடு வரை கேட்டது. அதற்கப்புறம் அவள் கையில் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

போன கார்த்திகையில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் இடத்திலும் அவள் பேரை எடுக்கிற வேலை. ரேஷன் கார்டு, பேங்க், கேஸ். இறப்புச் சான்றிதழை நீட்டினால் அவர்கள் ஒரு பட்டனை அமுக்குவார்கள், அவ்வளவுதான். வீடும் அவள் பேரில்தான் இருந்தது. வரியை என் பேருக்கு மாற்றச் சச்சிவாலயம் என்கிற ஊராட்சி ஆபீஸுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள்.

"பேரு மாத்தியாச்சு அங்கிள். பாக்கி ஏமீ லேது, ஒண்ணுமில்ல."

"கோயில் வரிகூட கட்டியாச்சும்மா."

"கோயில் வரியா? எது அங்கிள்?"

ரசீதில் கடைசி வரியைக் காட்டினேன்.

"இது லைப்ரரி அங்கிள். வீட்டு வரியில ரூபாய்க்கு இத்தனை பைசான்னு லைப்ரரிக்குப் போகும்."

"ஆலயம்னு போட்டுக்கீதே."

"இதுகூட சச்சிவாலயம்தான். எனக்கும் தேங்கா ஒடைப்பீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. போய்க்கினு வரேங்க.

வீட்டுக்கு வந்து அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு தமிழ்ப் புத்தகம். உள்பக்கத்தில் நூலகத்து முத்திரை, திருப்பித் தரவேண்டிய தேதி. தேதி எப்போதோ தாண்டியிருந்தது. வீட்டு வரியும் லைப்ரரி வரியும் ஒரே ரசீதில் வருகிறதே, புத்தகத்துக்காக வீட்டைப் பிடித்துக்கொண்டால்? அன்று தூக்கமில்லை. காலையில் அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரே ஒரு கூடம். பரீட்சைக்குப் படிக்கிற நாலு பேர், பேப்பர் பார்க்கிற இரண்டு பேர். நூலகர் புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். அவள் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தம்மாவா? ரொம்ப நாளா காணோமேன்னு பாத்தேன்."

சொன்னேன். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பதிவேட்டை எடுத்து விரித்தார். பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து. அதே புத்தகங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

"தமிழ் பீரோ ஒண்ணுதாங்க. அதையே மூணு தடவ முடிச்சாங்க. புதுசு வந்து வருஷக்கணக்காச்சு. வரி வசூல் ஆவுது, இங்க வந்து சேர மாட்டேங்குது. ஜில்லாவ ரெண்டா பிரிச்சப்புறம் சித்தூர்ல கேட்டா திருப்பதின்றாங்க, திருப்பதில கேட்டா சித்தூர்ன்றாங்க." சிரித்தார். "அந்தம்மா சொல்லுவாங்க, எங்க வீட்டுக்காரரு கண்ணுல ஒத்திக்கினு வரி கட்றாரு, அந்த பக்திக்காவது ஒரு புது புத்தகம் வாங்கக் கூடாதான்னு."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு புத்தகம் பாக்கி காட்டுது. குடுத்தீங்கன்னா பேரை அடிச்சு கார்டை முடிச்சிடலாம்." சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் பேருக்கு நேராக ஸ்கேலை வைத்தார்.

பை என் மடியில் இருந்தது. நான் ஆபீஸில் பொய் சொன்னவனில்லை. டிக்கெட் கிழிந்துவிட்டால்கூடக் கண்டக்டரிடம் நானே போய்ச் சொல்லுகிறவன்.

"தேடிப் பாத்தேங்க. கெடைக்கல."

"அப்போ முடிக்க முடியாதே. கெடைக்கிற வரைக்கும் பேரு அப்படியே நிக்கும்."

"நிக்கட்டும்."

ஸ்கேலை எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து வாசலில் பைக் நின்றால், புத்தகத்தைக் கேட்டுத்தான் வந்துவிட்டார்களோ என்று ஜன்னல் வழியே பார்க்கிறேன். நாலு பேர் கட்டிய வரியில் வாங்கின புத்தகம். பீரோவில் அந்த இடம் காலியாக இருக்கும். வேறு யாராவது வந்து அதையே கேட்டிருந்தால்? சாயங்காலத்தில் கதவைத் தாழிட்டுவிட்டு எடுத்துப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் ஒரு பக்கத்தின் முனை மடிந்திருக்கிறது. அதுவரைக்கும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வருகிறேன். மடிப்பைத் தாண்டிப் படிக்க மனம் வருமா, தெரியவில்லை.

போன வாரம் நூலகர் போன் செய்தார். பழைய பதிவேடுகளையெல்லாம் திருப்பதிக்குக் கட்டி அனுப்புகிறார்களாம். பாக்கி இருக்கிற பேர்களை மட்டும் புதுப் பதிவேட்டில் ஏற்றுகிறார்களாம்.

"புத்தகம் கெடைச்சுதாங்க?"

அது என் கையில்தான் இருந்தது. படித்த பக்கத்தில் விரலை வைத்திருந்தேன்.

"இன்னும் தேடிக்கினுதான் கீறேன்," என்றேன்.

"சரி, அப்போ அம்மா பேரை எழுதிக்கிறேன்," என்றார்.