அண்ணன் மறுபடி டிரம்ஸ் வாசிக்கப் போனது

பாலக்கரையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் போர்டில்தான் விஷயம் எனக்குத் தெரிந்தது. காலையில் வேலைக்குப் போக ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். தாவணி போட்ட ஒரு பெண் கீபோர்டின் மேல் குனிந்து நிற்கிற படம். யாரோ என்று நினைத்துக் கண்ணைத் திருப்பினேன். பிறகு டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த பையனைப் பார்த்தேன். அது என் அண்ணன். நடுவில் கிடாருடன் எங்கள் பழைய குழுவின் மாஸ்டர். அப்படியென்றால் அந்தத் தாவணிக்காரி நான்தான்.

'பழைய ஆட்கள் மீண்டும் ஒரே மேடையில்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே கடலூர் ரோட்டுக் கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பழைய ஆட்களில் ஒருத்தியான என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆட்டோவில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னையும் போர்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நீங்களாங்க அது?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் வாசித்துப் பழகியவர்கள். அண்ணன் அங்கே டிரம்ஸ், நான் கீபோர்டு. அவன் பகலில் பீங்கான் சூளையில் வேலை செய்தான். மாஸ்டர் எங்களைவிடச் சில வயது பெரியவர். எங்கிருந்தோ ஒரு எலெக்ட்ரிக் கிடாரை வாங்கிவந்து ஊரையே அதிரவைத்துக்கொண்டிருந்தவர். திருவிழாப் பூசையில் எங்கள் வாசிப்பைக் கேட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசி, எங்கள் இருவரையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். யாராவது மெல்லிசைக் குழு என்று சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். ராக் பேண்டு என்றுதான் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டுக்கு நடுவே நாங்களே மெட்டுப்போட்ட பாட்டுகளையும் வாசிப்போம். ஜங்ஷனில் பெட்டிகளைக் கோக்க ஷன்டிங் போகிற எஞ்சினைப் பற்றி ஒரு பாட்டு. அதன் தொடக்க இசை நான் போட்டது. தண்டவாள இடைவெளியில் சக்கரம் தட்டுகிற தாளத்தை அண்ணன் அதற்குக் கண்டுபிடித்தான். திட்டக்குடியிலிருந்தெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்கப் பையன்கள் பஸ் ஏறி வருவார்கள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். அண்ணன் வேலை முடிந்து வந்ததும் நானும் அவனும் தனியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். மேடையில் எங்களுக்குத் தெரியாத புது டிரம்ஸ் செட் ஒன்று இருந்தது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெய்வேலியிலிருந்து வந்தவர், வாசிப்பில் கெட்டிக்காரர் என்றார்கள். மாஸ்டர் அண்ணன் பக்கமே திரும்பவில்லை. கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே, இன்றைக்கு அவர் வாசிக்கட்டும், அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அடுத்த முறை என்று ஒன்று இல்லை என்பது அவர் குரலிலேயே இருந்தது. அண்ணன் கையில் குச்சிகளோடு மண்டப வாசலில் போய் நின்றான். நான் கீபோர்டை மூடிவிட்டு அவன் பின்னால் இறங்கினேன். அதன்பிறகு மாஸ்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் நான் போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணனை அவமானப்படுத்திய ஆளோடு இனி ஒரு சங்கதிகூட வாசிப்பதில்லை என்று இருந்துவிட்டேன். சினிமாப் பாட்டுக்கு வேறு குழுக்களிலிருந்து கேட்டு வந்தார்கள். அதற்கும் மனசு வரவில்லை. பொம்மைக் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற பிரிவில் சேர்ந்தேன். இப்போது அந்தப் பிரிவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

போர்டைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. மதியம் லீவு சொல்லிவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவனும் போர்டைப் பார்த்துக் கொதித்துப்போயிருப்பான், இருவருமாக மாஸ்டர் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் கூடத்தில் இரண்டு தலையணைகளை நாற்காலி மேல் வைத்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தான். பழைய குச்சிகள். வலது தோள்பட்டை அவனுக்குச் சில வருஷமாகவே சரியில்லை, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனாலும் நிறுத்தாமல் அடித்தான். அண்ணி சமையலறை வாசலில் நின்று, பத்து நாளாக இதே சத்தம்தான், நீயாவது சொல் என்றார்.

பத்து நாளாக. அப்படியானால் அவனுக்கு முன்பே தெரியும். மாஸ்டர் போனில் கூப்பிட்டாராம். இவன் அப்போதே சரி என்றுவிட்டானாம். எனக்கும் சேர்த்துச் சரி சொன்னவனும் இவன்தான். நான் கத்துவேன் என்று பயந்து என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்த மண்டப வாசலில் நின்றதை மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அதெல்லாம் எப்போதோ நடந்தது என்றான். மாஸ்டருக்கும் வயசாகிவிட்டதாம், சர்க்கரையாம், காலில் புண்ணாம். இன்னும் எத்தனை நாள் வாசிக்கப் போகிறோம் என்றான். இதையெல்லாம் அவன் தலையணையைத் தட்டிக்கொண்டே சொன்னதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. குச்சிகளை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"உனக்காகத்தானே நான் விட்டேன்" என்றேன்.

அண்ணன் கோபமில்லாமல், உண்மையிலேயே புரியாதவன்போலச் சொன்னான்.

"நான் உன்ன விடச் சொல்லலையேம்மா."

அவன் சொன்னது நிஜம். சொல்லவில்லைதான். குச்சிகளை நாற்காலியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தும் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷம் நான் சுமந்துகொண்டிருந்த கோபம் அவனுக்குச் சொந்தமானதே இல்லை என்று ஆகிவிட்டது. அதை யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது?

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்குத் தனியாகவே போனேன். காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கீபோர்டு புதுசாக வந்திருக்கிறது, வாசித்துப் பார் என்றார், நேற்றுத்தான் பிரிந்தவர்போல. நான் நெய்வேலிக்காரரைப் பற்றிக் கேட்டேன். நாங்கள் போனபிறகு அந்தக் குழுவைத் தாங்கி வாசித்தவர் அவர்தான். கூட்டம் குறைந்து, கூலி குறைந்து, கடைசியில் நாலு பேர் மட்டும் வேனில் போன காலத்திலும் கூடவே இருந்தவர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். போர்டில் அவர் படம் இல்லை.

மாஸ்டர் அதை மறைக்கவில்லை. ஜனங்கள் பழைய பாட்டையும் பழைய முகத்தையும்தான் கேட்கிறார்கள், எஞ்சின் பாட்டுக்கு உன் அண்ணன் தாளம்தான் வேண்டும் என்கிறார்கள் என்றார். நெய்வேலிக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். போர்டைப் பார்த்திருப்பார் என்றார்.

"எங்க அண்ணனுக்குப் பண்ணதையே அவருக்கும் பண்றீங்களா மாஸ்டர்?" என்றேன். அவரையும் கூப்பிட்டால்தான் நான் வருவேன் என்றும் சொன்னேன்.

மாஸ்டர் காலை மெதுவாகக் கீழே இறக்கினார். "அன்னைக்குச் சொல்லாம செஞ்சது தப்புதாம்மா. இப்ப அதுக்கு நான் இன்னா பண்ணணும்ன்ற? ஒரு மேடையில ரெண்டு டிரம்ஸுக்கு எடம் இல்ல. நீ வரலன்னா மருமவ வாசிக்கட்டும்."

இருபது வருஷமாகத் 'தப்பு' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் அதை, காபியில் சர்க்கரை போடவில்லை என்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டார். அவர் மருமகள் உள்ளேயிருந்து வந்து, அக்கா, நீங்களே வாசியுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். பாவம், நல்ல பெண். அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அந்த வாரமே மறுபடி ஒரு நாள் லீவு போட்டு வேப்பூருக்கு பஸ் ஏறினேன். நெய்வேலிக்காரர் இப்போது அங்கே ஹைவே ஓரத்தில் மனைவியோடு டிபன் கடை நடத்துகிறார். லாரிக்காரர்களுக்குப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நாங்கள் அதுவரை நேருக்கு நேர் பேசியதே கிடையாது. போர்டில் அவர் படம் இல்லாததைச் சொன்னேன். இது அநியாயம், நீங்கள் வந்து மாஸ்டரைக் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன் என்றேன். வழியெல்லாம் யோசித்துவைத்த வார்த்தைகள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த உளுந்தூர்பேட்டைக் கல்யாணத்தைப் பற்றி அவரே பேசினார். டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு நாளைக்கு மட்டும் வா என்றுதான் மாஸ்டர் அவரை அழைத்திருந்தாராம். வாசலில் குச்சியோடு நிற்கிற ஆளைப் பார்த்ததும்தான் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்ததாம்.

"எழுந்து போயிருக்கலாங்க. போவல. வாசிக்கணும்னு ஆசையா இருந்துச்சு" என்றார். "இப்ப உங்க அண்ணனுக்கும் அப்படித்தான் இருக்கும். வாசிக்கட்டும், வுடுங்க. எனக்குக் கட இருக்குது."

எனக்கு அவர் பரோட்டா கொடுத்தார், காசு வாங்கவில்லை. திரும்பி வருகிறபோது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் எனக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. தள்ளிவிடப்பட்ட இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. தள்ளிவிட்டவருக்கும் உறுத்தலில்லை. யாரும் தள்ளாத நான் ஒருத்திதான் இன்னும் அந்த மண்டப வாசலில் நிற்கிறேன் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்றிருந்தேன். அண்ணி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். மண்டபம் நிறைந்திருந்தது. என் வயதுக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், சூளையில் அண்ணனோடு வேலை செய்தவர்கள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசித்தார். குரல் போய்விட்டிருந்தது. விரல் போகவில்லை. அண்ணன் முதல் பாட்டிலேயே தாளத்தில் வேகமெடுத்து ஓடினான், மாஸ்டர் திரும்பித் திரும்பி முறைத்தார். மூன்றாவது பாட்டில் வலது கை தளர்ந்துபோய், சிம்பல் அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சும்மா விட்டான். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

எஞ்சின் பாட்டு வந்தது. மருமகள் தொடக்க இசையை வாசித்தாள். இரண்டாவது வரியில் ஒரு சுரம் தப்பு. தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் வேறு ஏதோ இனிமையாக வாசித்தாள். என்னால் உட்கார முடியவில்லை. எஞ்சின் புறப்படுகிறபோது ஒரு முரட்டுச் சத்தம் வர வேண்டும், அது அந்த ஒரு சுரத்தில்தான் இருக்கிறது. என் விரல் கைப்பையின் மேல் அதை அழுத்திக்கொண்டிருந்தது. அப்போது அண்ணன் தாளத்தைப் பிடித்தான். தண்டவாளத் தாளம். தோளை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் வைத்து அடித்தான், தலையணையில் இத்தனை நாள் பழகியது அதற்காகத்தான் என்று தெரிந்தது. மண்டபமே கைதட்டியது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

முடிந்ததும் அண்ணன் சட்டையெல்லாம் நனைந்து என்னிடம் வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டான். முதல் பாட்டில் ஓடிவிட்டாய், மூன்றாவதில் கையே வரவில்லை, எஞ்சின் பாட்டு மட்டும் சரி என்றேன். அவன் சிரித்தான். திட்டக்குடியில் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் என்றான்.

அந்த மாதம் முழுக்க அந்த ஒரு சுரம் என்னைப் படுத்தியது. பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற பெண்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டே மேஜையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மருமகளைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கீபோர்டில் கை வைத்தபிறகு எடுக்க மனசு வரவில்லை. மாஸ்டர் உள் அறையிலிருந்து, பாட்டுக்கு ஏற்ற மாதிரி கிடாரை மீட்டிக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு அறிவிருந்தது.

திட்டக்குடியில் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். விரல் இரண்டு இடத்தில் இடறியது. எஞ்சின் பாட்டு இடறவில்லை. அண்ணன் என் தொடக்கம் முடிகிற இடத்தில் சரியாக நுழைந்தான், இடையில் ஒரு நாள்கூடக் கழியாதது மாதிரி. அந்தச் சில நிமிஷம் எனக்கு யார்மேலும் கோபமில்லை. ஒயரைக் கழற்றிச் சுற்றத் தொடங்கியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இதை இருபது வருஷம் செய்திருக்கலாமே என்கிற கோபம். அதற்கு மாஸ்டரைத் திட்டுவதா, அண்ணனையா, என்னையா என்று தெரியாத கோபம்.

வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்டர், பெண்ணாடத்தில் ஒரு திருவிழாவுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி வந்துடுவா மாஸ்டர்" என்றான் அண்ணன்.

கீபோர்டைக் கீழே வைத்தேன். வருவேனா என்று மாஸ்டரையே என்னிடம் கேட்கச் சொன்னேன். நெய்வேலிக்காரருக்கும் போன் போட்டு, வருகிறாரா இல்லையா என்று தன் வாயாலேயே கேட்கச் சொன்னேன். மாஸ்டர் கேட்கிறேன் என்று தலையை ஆட்டினார். அவர் அந்தப் போனைச் செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் அவர் இன்னும் கேட்கவில்லை. அண்ணன் மட்டும் தினமும் போன் போட்டு, ஒத்திகை எப்போது என்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்கிறேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடுப்பாகவே.