துண்டு டப்பா

முருகவேலுக்கு வாய் கொஞ்சம் நீளம். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து மருந்துப் படிப்புப் படித்த முதல் ஆள் தான்தான் என்பதை, பல்பொடி வாங்க வந்தவனிடம்கூடச் சொல்லித்தான் அனுப்புவான். 1989இல் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மெடிக்கல் ஷாப் வைத்தான். அடுத்த கதவு என் சைக்கிள் கடை. அவன் பீற்றலைக் கேட்பது என் தலையெழுத்து.

ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் மட்டும் அவன் பாச்சா பலிக்கவில்லை. கொண்டுவந்த மாத்திரை தீர்ந்ததும் காலி டப்பாவை நீட்டி, இதேதான் வேண்டும் என்பார்கள். அந்தப் பெயரில் இங்கே எதுவும் இருக்காது. முருகவேல் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வரச் சொல்வான். அந்த நாளை வரவே வராது.

2001இல் அதற்கு ஒரு வழி பண்ணினான். சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் அதில் போட ஒரு சிடியும் வந்து இறங்கின. மருந்தின் பெயரைத் தட்டினால் போதும். உள்ளே என்ன சரக்கு, யாருக்குத் தரலாம், யாருக்குக் கூடாது என்று லேபிளில் உள்ள அத்தனையும் திரையில் வரும். அண்ணாமலையார் படத்தை இருமல் டானிக் பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் மானிட்டரை வைத்துப் பட்டையாக விபூதி பூசினான்.

"சாமி கோச்சுக்கப் போவுதுய்யா" என்றேன்.

"சாமிக்கு பக்கவிளைவுலாம் தெரியுமா? இதுக்குத் தெரியும்" என்றான்.

ப்ளக் பாயின்ட் பின்சுவரில் இருந்தது. அதனால் கம்ப்யூட்டர் பெட்டிமுன் உட்கார்ந்தால் அவன் முதுகுதான் வாசலைப் பார்க்கும். முதுகிடம் பேசித்தான் நாங்கள் தலைவலி மாத்திரை வாங்கினோம்.

பௌர்ணமி வியாபாரம் வேறு மாதிரி. போன மாசம் கிரிவலத்தில் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், இந்த மாசம் கிளம்பும்போதே மாத்திரை கேட்பார்கள். முழு அட்டை யார் வாங்குவார்கள்? இரண்டு போதும். கூட்டத்தைச் சமாளிக்க, முருகவேல் மத்தியானமே அட்டைகளை இரண்டிரண்டாக நறுக்கி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பான். பெயர் ஏதோ ஒரு துண்டோடு போய்விடும். மற்றதெல்லாம் வெறும் வெள்ளித்தாள். உலகத்து லேபிளையெல்லாம் தேடுகிற கடையில் லேபிள் இல்லாத மாத்திரைதான் ஜாஸ்தி விற்றது. கேட்டால், "எல்லாம் வலி மாத்திரதான், உனக்கின்னா?" என்பான்.

2003 சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம். ஒரு ஜெர்மன்காரம்மா காலி டப்பாவோடு நிற்க, இவன் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தான். அவன் பெண்டாட்டி ராணியம்மாள் கிரிவலம் கிளம்பி வந்தாள். அவளுக்கு வெகுநாளாக வீசிங். அதனால் அவளுக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரையாகப் பார்த்து எடுத்துத் தருவதுதான் வழக்கம்.

"ஏங்க, முட்டி இப்பவே வலிக்குது. ஒண்ணு குடுங்க, போட்டுனு நடக்கறேன்."

முருகவேல் திரும்பவில்லை. இடது கையை டப்பாவுக்குள் விட்டு, ஒரு துண்டை எடுத்துப் பின்னால் நீட்டினான். வலது கை கம்ப்யூட்டர் எலியை நகர்த்திக்கொண்டிருந்தது. அந்தம்மாவிடம், இந்த மருந்தைப் பாலோடு சாப்பிடக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தான். ராணியம்மாள் என் கடைக் குடத்துத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு, கூட வரும் பெண்களுக்காக பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவர்கள் வருவதற்குள் அவளுக்கு மூச்சு இழுத்தது. உதடு கறுத்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ஆக்சிஜன் மாட்டிவிட்டு, "என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்றார். முருகவேல் கையில் பெயரில்லாத வெள்ளித்தாள் மட்டும் இருந்தது.

கடைக்குத் திரும்பி ஓடினோம். அந்தத் துண்டில் இருந்தது ஒரே வரி: குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். அதையே தட்டினான். பெட்டி, உலகத்தில் உள்ள மருந்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது.

"யோவ், அத்த வுடு! டப்பாவ கவுத்து!" என்று கத்தினேன்.

தரையில் கொட்டி, வெட்டு விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தோம். அவன் கத்தரிக்கோல் எப்போதும் கோணல், அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது. ஒரு துண்டு கச்சிதமாகப் பொருந்தியது. அதில் பெயர் இருந்தது. தட்டினான். வீசிங் உள்ளவர்களுக்குத் தரக் கூடாது என்று கொட்டை எழுத்தில் வந்தது.

"இது எனக்கே தெரியும்யா" என்று தலையில் அடித்துக்கொண்டான். "இத்த பொட்டி சொல்லித்தானா எனக்குத் தெரியணும்?"

மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெயரைக் கேட்டதும் டாக்டர் தலையாட்டிவிட்டு ஊசியை மாற்றினார். இருட்டியபோது ராணியம்மாளுக்குப் பேச்சு வந்தது.

"உலகத்து மருந்து வெவரம்லாம் அதுல இருக்குதுனு சொல்வீங்களே," என்றாள். "எனக்கு வீசிங் இருக்குனு அதுல இல்லீங்களா?"

முருகவேல் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அவன் வாயடைத்து நான் பார்த்தது அன்றுதான். பாவமாக இருந்தது, எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பெயர் இல்லாத துண்டு அந்தக் கடையில் கிடையாது. இரண்டு மாத்திரைக்கு முழு அட்டையா என்று ஜனம் திட்டியது, பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ப்ளக் பாயின்டை முன்பக்கம் கொண்டுவந்தான்.

அடுத்த பௌர்ணமிக்கு ராணியம்மாள் வந்து நின்றாள். "முட்டி வலிக்குதுங்க."

வெள்ளைக்காரன் ஒருவன் காலி டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தான். முருகவேல் அவனை இருக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்து, அவள் முகத்தைப் பார்த்தான்.

"மூச்சு எப்டி இருக்குது?" என்றான்.