சந்திக் கடையில் கேட்கவும்

காலை ஆறு மணிக்கு ஒரு மனிதர் தன் அறை வாசலில் கதிரையைப் போட்டு, இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வைத்து, ஏழு மணி வரைக்கும் அசையாமல் இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் வயிற்றுக் கோளாறு என்று நினைத்தேன். முதல் நாள் என் மனைவி ஆக்கிய கணவாய்க் கறியின் மீது பழி வரப்போகிறது என்ற பயத்தில், இஞ்சி தட்டிப் போட்ட தேநீரோடு ஓடினேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். வயிறு நன்றாகத்தான் இருக்கிறதாம். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறாராம்.

ஆலங்குடாவில் தென்னந்தோட்டத்துக்குள் ஓலைக்கூரை போட்ட நான்கு அறைகளைக் கட்டி, வாசலில் கபானா என்று பலகை மாட்டி வைத்திருப்பவன் நான். பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள்தான் எங்களுக்குச் சோறு. இவர் சறுக்க வரவில்லை. பிரான்சின் தொழில்முறை டெனிஸ் ஆட்டக்காரர். போட்டி இல்லாத டிசம்பர் மாதத்தில் முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க வந்திருந்தார்.

மூத்திரத்தின் கதையை அவரே விளக்கினார். அவருடைய தொழிலில், வருடம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் பதிந்துவிட வேண்டும். ஊக்கமருந்து பார்க்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூத்திரம் எடுக்க வருவார்கள். வந்து ஆளைக் காணவில்லை என்றால் ஒரு தவறு. ஒரு வருடத்துக்குள் மூன்று தவறு விழுந்தால் இரண்டு வருடத் தடை. இவருக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. ஒன்று விமானம் பிந்தியதால். மற்றது சகோதரியின் வீட்டில் அழைப்பு மணி வேலை செய்யாததால்.

“இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் திரும்பி வரலாம். என் முழங்கால் வராது” என்றார்.

எங்கள் ஊருக்கு டெனிஸ் என்றால் பந்து மட்டும்தான். அந்தப் பந்தில் கடற்கரையில் கிரிக்கெட் அடிப்போம். அதற்கென்று தனியாக ஒரு விளையாட்டு இருப்பதும், அதில் ஒரு மனிதன் தேய்ந்துபோகலாம் என்பதும் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அவருடைய தாய் ஒரு சிறிய ஊரின் டெனிஸ் கழகத்தில் பாத்திரம் கழுவியவர். தாய் வேலை முடிக்கும் வரை பின்சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளையை யாரோ பார்த்து, பன்னிரண்டு வயதில் வீட்டிலிருந்து பிரித்து, பயிற்சி விடுதிக்கு அனுப்பினார்கள். பதினாறு வயதில் அவர் தோற்கடித்த ஒரு பையன் பிற்காலத்தில் உலகமே அறிந்த வீரனானான். இவர் மலிவு விடுதிகளில் தங்கி, மட்டைக்குத் தானே நரம்பு கட்டி, யாரும் பார்க்காத ஊர்களில் ஆடினார். ஒரே ஒரு வருடம் பாரிஸில் நடக்கும் பெரிய போட்டியில் மூன்றாம் சுற்று வரை போனார். செம்மண் தரையைச் சுற்றியிருந்த கூட்டம் முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கத்தியதாம். அதைச் சொல்லும்போது மனிதர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அடுத்த மாதமே முழங்காலில் கத்தி வைத்தார்கள். இப்போது தகுதிச் சுற்றில் ஆடித்தான் உள்ளே போக வேண்டும். வரும் வருடம் கடைசியாக ஒருமுறை.

அன்றிலிருந்து அவரைவிட நான்தான் பதறினேன். ஆறு மணி அடித்தால், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களா என்று பார்க்கும் பெண்ணின் வாப்பா மாதிரி, வாசல் படலையில் நின்றேன். நாய் குரைத்தால் ஓடினேன். தேங்காய் விழுந்தால் ஓடினேன்.

“பரீட்ச அவருக்கா ஒங்களுக்கா?” என்று மனைவி கேட்டாள்.

நாங்கள் இருவரும் எதிர்பார்த்த அந்தக் காலையில் சாப்பாட்டுக்கு வெட்டுகிற பாண் முடிந்துபோயிருந்தது. சந்திக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று சாரத்தை மடித்துக் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏறினேன். சந்தியில் கடை வைத்திருப்பவன் என் மனைவியின் தம்பி; எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். என்னைக் கண்டதும் அவன் முகம் வெற்றியில் பளபளத்தது.

“மச்சான், பயப்படாத. நான் சமாளிச்சிட்டன்.”

“என்னத்தடா சமாளிச்ச?”

“ஒரு கார் வந்திச்சி. ஒரு பொம்புள, ஒரு ஆம்புள. சப்பாத்து, ஃபைல், ஐஸ் பெட்டி. ஒன்ட வெள்ளக்காரன்ட பேர எழுதி வெச்சிக்கிட்டு எங்க இரிக்காருண்டு கேட்டாங்க.”

“நீ?”

“அப்பிடி ஒரு ஆளே இங்க இல்லண்டு சென்னன். கந்தக்குழிப் பக்கம் போய்ப் பாருங்கண்டு கையக் காட்டினன். போய்ட்டாங்க.” குலையிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தான். “தின்னு. காசி வாணாம்.”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் அது பொய் அல்ல, மரியாதை. சப்பாத்துப் போட்டவன் ஃபைலோடு வந்து ஒருவன் பெயரைச் சொல்லிக் கேட்டால், அவன் வலையைப் பற்றி விசாரிக்க வந்தவனாக இருப்பான், அல்லது அனுமதி இல்லாமல் கடலட்டைக்கு மூழ்கியதைப் பற்றி. ஆகவே ஆள் இல்லை என்போம். சும்மா அனுப்பினால் குறை என்பதால் எதிர்த்திசையில் ஒரு வழியும் காட்டுவோம். இந்த மச்சானைத் தேடி வந்த இரண்டு பேரை நானே ஒருமுறை நுரைச்சோலைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருந்தது. பிரெஞ்சுக்காரர் போனில் பதிவதற்கு முகவரி கேட்டபோது, எங்கள் ஒழுங்கைக்குப் பெயரோ வீட்டுக்கு இலக்கமோ இல்லாததால், எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: ஆலங்குடா, சந்திக் கடையில் கேட்கவும். அவர் அதை எழுத்துப் பிசகாமல் பதிந்திருந்தார்.

கடிகாரம் ஆறரையைக் காட்டியது. ஒரு கக்கத்தில் பாணையும் வாயில் வாழைப்பழத்தையும் வைத்துக்கொண்டு கந்தக்குழிக்குப் பறந்தேன். பறந்தேன் என்பது மனதளவில்தான். ரோட்டின் நடுவில் கழுதைகள் கூட்டம் போட்டிருந்தன. ஹோர்ன் அடித்தேன், சலாம் சொன்னேன், கெஞ்சினேன். கழுதைகளுக்கு ஏழு மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை எதுவும் இருக்கவில்லை.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த, அக்கா வயதுள்ள ஒரு பெண்ணிடம், “ராத்தா, ஒரு கார் போச்சா?” என்று கேட்டேன்.

“காரா? கார் ஒண்டும் வரல்லயே.”

அவர் காலடியில் மணலில் டயர் தடம் ஈரமாகக் கிடந்தது.

“ராத்தா, நான்தான். கபானாக்காரன்.”

“தெரியும் தம்பி. கார் வரல்ல.”

பள்ளிவாசல் மோதினார் பொய் சொல்ல மாட்டார். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, “நான் ரோட்டுப் பக்கம் பார்க்கல்ல” என்றார். ஊர் முழுக்க என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

காரைக் கண்டுபிடித்தபோது அது கடற்கரை மணலில் பாதிச் சில்லு வரை புதைந்து கிடந்தது. மூத்திரம் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்த டொக்டர் மிஸ் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிங்களத்திலும் தமிழிலும் கையாலும் காலாலும் விளக்கினேன். மோட்டார் சைக்கிளில் ஏறுங்கள் என்றேன். உதவியாளரையும் பெட்டியையும் விட்டுவிட்டு வர விதி இல்லை என்றார். சாரம் கட்டியவன் கக்கத்தில் பாணோடு சொன்னால் நானும்தான் ஏறியிருக்க மாட்டேன். போனுக்குச் சிக்னல் இல்லை. தள்ளினோம். சில்லு சுற்றியது, மணல் என் வாய்க்குள் போனது, கார் இன்னும் ஒரு சாண் இறங்கியது. அதைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே ஏழு மணி கடந்தது.

ஒரு டிராக்டர்காரர் இழுத்துவிட்ட பிறகு வீட்டுக்கு வந்தோம். பிரெஞ்சுக்காரர் அதே கதிரையில் இருந்தார். டொக்டரைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, பரீட்சைக்கு நன்றாகப் படித்த பிள்ளையின் சிரிப்பு, அதைப் பார்க்காமலிருக்க நான் பாணை மனைவியிடம் கொடுக்கிற சாக்கில் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

டொக்டர் பரிசோதனையை முடித்துக்கொண்டார். ஆனால் குறித்த நேரத்தில், கொடுத்த முகவரியில் ஆள் கிடைக்கவில்லை என்றுதான் எழுத முடியும் என்றார். தப்பான வழி காட்டியவர் தானே அதை ஒப்புக்கொண்டால் மேலே இருப்பவர்கள் யோசிக்கலாம். டொக்டர் கையில் வேறெதுவும் இல்லை.

மனைவி தம்பியை வரவழைத்தாள்.

“நான் காரே பார்க்கல்ல” என்றான் அவன்.

“டேய், காலையில ஒன்ட மச்சானுக்கு நீதானே சென்ன!”

“அது மச்சானுக்கு. ராத்தா, கையெழுத்து மட்டும் கேக்காத. இண்டைக்கு ஒரு கடுதாசியில வெச்சா நாளைக்கு ஊருல இரிக்கிற எல்லாக் கடுதாசியும் என்னத் தேடி வரும்.”

“அந்த மனுசன்ட சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு நிக்கிற!”

பிரெஞ்சுக்காரருக்கு மொழி புரியவில்லை. யார் முகம் சத்தம் போடுகிறதோ அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், வாயால் மட்டும் சொல்வதென்று மச்சான் இறங்கி வந்தான். அவர் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் கடையிலிருந்தே காணொளி அழைப்பு. மறுமுனையில் கழுத்துப்பட்டி அணிந்த மேலதிகாரி ஒருவரும், மொழிபெயர்க்க பாரிஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும்.

“சந்தியில கடை வச்சிருக்கிறது நீங்கள்தானே?”

“இல்ல” என்றான் மச்சான்.

நான் அவன் முதுகில் கிள்ளினேன்.

“அண்ணை, உங்களுக்குப் பின்னால வாழைக்குலை தொங்குது” என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

மச்சான் திரும்பிக் குலையைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் சவர்க்காரப் பெட்டியின் மேல் கைகளைத் தொடைக்கிடையில் வைத்து உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரரைப் பார்த்தான்.

“ஓம். கட என்டதான். நான்தான் பொய் சென்னன். அந்தாள் ஊட்டுலதான் இருந்தாரு.” அணை உடைந்துவிட்டது. கார் வந்த விதம், கை காட்டிய விதம், போன மாதம் மீன்பிடித் திணைக்களத்தாரை முகத்துவாரத்துக்கு அனுப்பிய விதம், யாரும் கேட்காத எல்லாவற்றையும் சொன்னான். நான் பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

வாரங்கள் கழித்து பிரெஞ்சுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. மூன்றாவது தவறைப் பதியவில்லையாம். மனைவி கடைக்குப் போய்த் தம்பியின் தலையைத் தடவிவிட்டு வந்தாள். அவன் கூச்சத்தில் எனக்குப் பாண் கடனாகக் கொடுத்தான்.

பாரிஸ் தகுதிச் சுற்று நடந்த நாளில் எங்கள் எந்தத் தொலைக்காட்சியிலும் அதைக் காட்டவில்லை. கடைக்குள் நானும் மச்சானும் என் போனைத் தராசின் மேல் சாய்த்து வைத்து, மாறிக்கொண்டிருந்த எண்களை மட்டும் பார்த்தோம். முதல் செட் அவருக்கு. இரண்டாவது போய்விட்டது. மூன்றாவதில் நாலுக்கு நாலு என்று வந்து, எண்கள் நின்றுவிட்டன.

“ஏன் மச்சான் நிக்கிது? முழங்காலா?”

“தெரியாதுடா. மழையா இருக்கும். இல்லாட்டிச் சிக்னல்.”

“அவருக்கு போன்ல கோல் எடு.”

“ஆடிக்கொண்டிருக்கிற மனுசனுக்கு எப்பிடிடா கோல் எடுக்கிற?”

“அப்ப நாம என்ன செய்ற?”

அவன் தராசிலிருந்து போனை எடுத்து, ரோட்டுக்கு இறங்கி, வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தான். நான் கல்லாவில் உட்கார்ந்து, வந்த ஆட்களுக்குச் சீனி நிறுத்துக் கொடுத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.